மார்பகச் சீரமைப்பு: பாலிசியில் 08-ஆம் எண்ணைப் படித்துவிட்டுப் போங்கள்

இடது மார்பகத்தை எடுத்து, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை பிராவுக்குள் பஞ்சு வைத்துக் காலம் தள்ளினேன். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் பஞ்சு கழுத்துக்கு ஏறிவிடும். "இந்த வயசுல யாரு பாக்கப் போறா?" என்றார் நாத்தனார். யார் பார்த்தால் என்ன, நாள் முழுக்க முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்கிறவள் நான்தானே.

ரேடியேஷன் கொடுத்த இடத்தில் சிலிக்கான் வைத்தால் சுற்றிலும் தழும்பு இறுகிக் கெட்டிப்படும் வாய்ப்பு அதிகமாம். அதனால் அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து மார்பில் பொருத்தும் 'டீப் ஃப்ளாப்' என்று முடிவானது. டாக்டர் பொறுமையாகப் படம் போட்டு விளக்கினார். சரி, இதோடு பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

இன்ஷூரன்ஸ் மேஜையில் மாட்டிக்கொண்டேன். "கேன்சர்தான் முடிஞ்சிடுச்சே மேடம், இது காஸ்மெட்டிக்தானே" என்றார் அங்கிருந்த தம்பி. ஃபைலைத் திறக்கக்கூட இல்லை. பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். நான் மூக்கையும் உதட்டையும் அழகுபடுத்திக்கொள்ள வந்தவள் மாதிரி ஆகிவிட்டேன். எதற்கும் அனுப்பிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். மாலையில் மறுப்பு வந்தது, அதே காரணத்தோடு. திருச்சியிலிருந்து ரயில் ஏறி வந்தது வீண்.

வீட்டில் மகளும் நானும் பாலிசியை வரி வரியாகப் படித்தோம். விலக்குகளில் 08-ஆம் எண்: அழகு சிகிச்சைக்குப் பணம் கிடையாது, ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கு இந்த விலக்கு பொருந்தாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் எல்லா கம்பெனிக்கும் பொதுவாக வகுத்துக்கொடுத்த வாசகம் இது. மேஜையில் இருந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அடுத்த முறை அந்த வரியில் கோடு போட்டுக் கொண்டுபோனேன். இப்போது பழைய பயாப்ஸி ரிப்போர்ட் ஒரிஜினல் வேண்டுமாம். என்னிடம் இருந்ததோ எழுத்து மங்கிப்போன ஜெராக்ஸ். முதல் ஆபரேஷன் நடந்தது வேறு ஆஸ்பத்திரியில். அங்கே பழைய நோயாளி நம்பர் இல்லாமல் எடுக்க முடியாது என்றார்கள். நம்பர் இருந்த சீட்டு திருச்சியில், பீரோவில். இரண்டாவது பயணமும் போச்சு. மூன்றாவது முறைதான் அனுமதி கிடைத்தது. டாக்டர் கடிதத்தில் 'புற்றுநோய்க்காக மார்பகம் நீக்கியதற்குப் பிந்தைய சீரமைப்பு' என்று அப்படியே எழுதி வாங்குங்கள். வெறும் 'பிளாஸ்டிக் சர்ஜரி' என்றிருந்தால் திரும்பி வரும். அப்படியும் மறுத்தால் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்; ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

எட்டு மணி நேர ஆபரேஷன் எனக்கு ஒரு தூக்கம். அன்றிரவு மணிக்கொரு தடவை நர்ஸ் வந்து டாப்ளர் கருவியை வைத்துப் பார்ப்பார். சளக் சளக் என்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்டால் இருவருக்கும் நிம்மதி. வயிற்றுத் தையல் இழுத்ததால் பத்து நாள் கூனிக்கொண்டே நடந்தேன். தையலிலிருந்து கசியும் நீரைக் குழாய் வழியே பிடிக்கும் பாட்டில்களைக் கையில் பிடித்தபடி பாத்ரூம் போக முடியாது. அக்கா மஞ்சப்பையை வெட்டி இரண்டு சின்னப் பை தைத்துக் கழுத்தில் மாட்டிவிட்டாள். முன்பக்கம் திறக்கிற நைட்டி குறைந்தது நாலு வேண்டும்.

புது மார்பு மரத்துப்போவதைப் பற்றி டாக்டர் சொல்லியிருப்பார், என் மண்டையில் ஏறவில்லை. ஒருநாள் வடை சுடும்போது எண்ணெய் தெறித்திருக்கிறது. ராத்திரி உடை மாற்றும்போதுதான் கொப்புளத்தைப் பார்த்தேன். வெந்நீர்ப் பையைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

ஓராண்டு செக்கப்பில் 'பிரெஸ்ட்-கியூ' என்று ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். உடுத்திக்கொண்டு கண்ணாடியில் பார்க்கும்போது? மிகத் திருப்தி. உடையில்லாமல்? பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, ஓரளவு திருப்தி என்று போட்டேன். இடுப்பெலும்பு முதல் இடுப்பெலும்பு வரை ஓடும் தழும்பும் கணக்கில் உண்டே. டாக்டருக்கும் நர்ஸுகளுக்கும் முழு மார்க். பக்கத்தைத் திருப்பினால், அலுவலக ஊழியர்கள் உங்களை மரியாதையாக நடத்தினார்களா என்று ஒரு பகுதி. மகளிடம் நாற்காலியை இழுத்துப் போடச் சொல்லி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு நிரப்பினேன்.