ஹேண்ட்புக்கை முதலில் படிப்பவர் எதிர்த்தரப்பு வக்கீல்தான்

ஹேண்ட்புக், அதாவது ஊழியர்களுக்கான விதிப் புத்தகம், எழுதித் தரச் சொல்லிக் கூப்பிடும் கம்பெனிகளில் அநேகமாக ஏற்கெனவே ஒன்று இருக்கும். யாரோ ஒரு எச்.ஆர். மேனேஜர் தன் பழைய கம்பெனியிலிருந்து பென் டிரைவில் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் அது பெங்களூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் இருந்திருக்கும், அதற்கும் முன்னால் அமெரிக்காவில். கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கிற ஒரு இடத்தில், நிர்வாகமோ ஊழியரோ எந்தக் காரணமும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்து வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் மொன்டானா தவிர மற்ற மாநிலங்களில் அதுதான் நடைமுறை. இங்கே ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்வதற்கே ஒரு மாத நோட்டீஸும், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளமும் கொடுத்தாக வேண்டும். கடை, அலுவலகம் என்றால் 1947-ம் வருஷத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டால் நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் அனுப்ப முடியாது. புரொபேஷனை இரண்டு வருஷத்துக்கு இழுத்து வைத்திருந்தாலும் அந்த ஆறு மாதக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

முதலாளிகள் என்னிடம் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான். "கொஞ்சம் ஸ்ட்ராங்கா எழுதிடுங்க சார், நாளைக்கு எவனும் கேள்வி கேட்கக் கூடாது." ஸ்ட்ராங்காக எழுதினால் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை. லேபர் கோர்ட்டில் தொழிலாளி தரப்பு ஆவணங்களுக்கு டபிள்யூ என்றும் நிர்வாகத் தரப்பு ஆவணங்களுக்கு எம் என்றும் எண் போடுவார்கள். ஹேண்ட்புக் எம் வரிசையில்தான் வரும் என்று நினைத்துத்தான் அதை எழுதுகிறார்கள். நான் பார்த்தவரைக்கும் அது பல தடவை டபிள்யூ வரிசையில் வந்து நிற்கும். சட்டம் கேட்காததைக்கூட நாமே முன்வந்து வாக்குறுதியாகக் கொடுத்திருப்போம், அதை நாமே கடைப்பிடிக்காமலும் விட்டிருப்போம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு பவுண்டரியில் நடந்தது இது. ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒருவர் சூப்பர்வைசரை அடித்துவிட்டார். சார்ஜ் ஷீட், உள்விசாரணை எல்லாம் ஒழுங்காக நடத்தி டிஸ்மிஸ் செய்தார்கள். சாட்சி இருந்தது, மருத்துவச் சான்று இருந்தது. ஆனால் ஹேண்ட்புக்கில் 'படிப்படியான ஒழுங்கு நடவடிக்கை' என்று அழகான தலைப்பு போட்டு, முதலில் வாய்மொழி எச்சரிக்கை, அப்புறம் மெமோ, அப்புறம் இரண்டாவது மெமோ, அதற்கும் பிறகே விசாரணை என்று எழுதி வைத்திருந்தார்கள், எந்தக் குற்றத்துக்கு இது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று ஒரு வரிகூட இல்லை. குறுக்கு விசாரணையில் வக்கீல் எச்.ஆர். அதிகாரியிடம் கேட்டதெல்லாம் இரண்டே கேள்விதான். இந்தப் புத்தகம் நீங்கள் கொடுத்ததுதானே? இந்த நான்கு படிகளில் என் கட்சிக்காரருக்கு எத்தனை படி ஏறினீர்கள்? அடித்த விஷயம் அன்றைக்குப் பின்னால் போய்விட்டது. கடைசியில் பணம் கொடுத்து செட்டில்மெண்ட். அதற்குப் பிறகு நான் எழுதும் எல்லாவற்றிலும், அடிதடி, திருட்டு, குடித்துவிட்டு வருவது போன்றவற்றுக்கு நேரடியாகவே குற்றச்சாட்டு வழங்கப்படும், எச்சரிக்கைப் படிகள் சிறு தவறுகளுக்கு மட்டும்தான், அதுவும் நிர்வாகம் பொருத்தமென்று கருதினால் என்று தனியாகப் பிரித்து எழுதுகிறேன்.

அதைவிட ஆபத்தான வாசகம் ஒன்று எல்லாக் கம்பெனியிலும் இருக்கும். எட்டு நாள் சொல்லாமல் வராவிட்டால் வேலையைத் தானாகவே விட்டுவிட்டதாகக் கருதப்படும் என்பது. இது வெறும் ஹேண்ட்புக்கில் இல்லை, அரசு அதிகாரி சான்றளித்த நிலையாணையிலேயே (தொழிற்சாலையின் அதிகாரபூர்வ வேலை விதிகள்) இருந்தது, அதை வைத்து ஒருவரை நீக்கியபோது உச்ச நீதிமன்றம் 1993-ல் டி.கே. யாதவ் வழக்கில் அது செல்லாது என்றது. விளக்கம் கேட்காமல், விசாரிக்காமல் யாருடைய பிழைப்பையும் எடுக்க முடியாது என்று சொல்லி, பாதிச் சம்பளப் பாக்கியோடு அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்க உத்தரவிட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அந்த வாசகத்தை எட்டு, பத்து என்று நாளை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். நான் அதை அடித்துவிட்டு நடைமுறையை எழுதுவேன். மூன்றாவது நாள் போனும் வாட்ஸ்அப்பும், ஒரு வாரம் தாண்டினால் உள்ளூர் முகவரிக்கும் சொந்த ஊர் முகவரிக்கும் கடிதம், பதில் இல்லையென்றால் இன்னொரு கடிதம், அப்புறம் சார்ஜ் ஷீட், விசாரணை. சத் பூஜைக்கு ஊருக்குப் போன பீகார் பையனுக்கு ஆங்கிலத்தில் ஹாஸ்டல் முகவரிக்கு லெட்டர் போட்டுவிட்டு, பெற்றுக்கொள்ள ஆளில்லை என்று திரும்பி வந்த கவரை ஃபைலில் சேர்த்துவைத்துத் திருப்திப்படும் கூத்தும் நடக்கிறது. இன்னொரு சின்ன விஷயம்: பல ஹேண்ட்புக்குகளில் 'பதிவுத் தபாலில் அனுப்பப்படும்' என்றே இருக்கிறது. பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். அந்த வரியையும் மாற்ற வேண்டும்.

சம்பளப் பிடித்தம் பற்றி எழுதும்போதுதான் முதலாளிகளுக்கும் எனக்கும் அதிக வாக்குவாதம் வரும். மூன்று நாள் பத்து நிமிஷம் லேட்டாக வந்தால் அரை நாள் சம்பளம் கட் என்பது ஊரெல்லாம் இருக்கிற விதி. சட்டப்படி வராத நேரத்துக்கு எவ்வளவோ அவ்வளவுதான் பிடிக்கலாம், அரை மணி நேரத்துக்கு அரை மணி நேரச் சம்பளம். அதற்கு மேல் பிடித்தால் அது அபராதம். அபராதம் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது: எந்தத் தவறுகளுக்கு என்று அரசின் ஒப்புதல் வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், ஆளிடம் விளக்கம் கேட்க வேண்டும், அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தவணையில் பிடிக்கக் கூடாது, 90 நாள் கழிந்துவிட்டால் பிடிக்கவே கூடாது. அப்படிப் பிடித்த பணமும் கம்பெனிக்குச் சேராது, தொழிலாளர் நலனுக்குத்தான் செலவழிக்க வேண்டும். இதைச் சொன்னதும் ஒரு முதலாளி, "அப்ப எனக்கு இதுல என்னதான் சார் லாபம்?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். ஒழுங்காக வருகிறவர்களுக்கு வருகைப் போனஸ் கொடுக்கலாமே என்று நான் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது, விதியை எடுத்துவிட்டார்.

வேலையை விட்டபின் இரண்டு வருஷம் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற வாசகத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு முன்னால் அது நிற்காது. பாண்டு வேறு கதை. குறிப்பிட்ட காலம் வேலை பார்க்காவிட்டால் நியாயமான தொகை கட்டச் சொல்வதை 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. நியாயமான என்பதுதான் அங்கே கவனிக்க வேண்டியது. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்துக்கொள்வதை நான் எந்த ஹேண்ட்புக்கிலும் எழுத மாட்டேன், சண்டை போட்டாவது எடுத்துவிடுவேன்.

'இந்த விதிகளை நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் முன்னறிவிப்பின்றி மாற்றலாம்' என்று ஒரு வாசகம் கடைசிப் பக்கத்தில் கட்டாயம் இருக்கும். தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறவர்களுக்கு இது ஓடாது. சம்பளம், படிகள், வேலை நேரம், விடுமுறை போன்றவற்றை அவர்களுக்குப் பாதகமாக மாற்ற 21 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் 9-ஏ பிரிவாக இருந்த இந்த விதி 2025-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. இந்த ஊழியருக்கு 'எக்சிக்யூட்டிவ்' என்று பட்டம் கொடுத்திருக்கிறோம், அதனால் அவர் தொழிலாளி இல்லை என்று நிர்வாகத் தரப்பில் வாதாடுவார்கள். கோர்ட் விசிட்டிங் கார்டைப் பார்க்காது, அவர் காலையிலிருந்து மாலைவரை என்ன செய்கிறார் என்றுதான் பார்க்கும். சான்றளிக்கப்பட்ட நிலையாணை உள்ள தொழிற்சாலையில் ஹேண்ட்புக் அதற்கு எதிராக எதுவும் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த எச்.ஆர். ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பெண்கள் தொடர்பான பகுதியைத்தான் பெரும்பாலும் அவசரத்தில் ஒட்ட வைத்திருப்பார்கள். பத்துப் பேர் வேலை பார்த்தாலே பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்று 2013-ம் வருஷச் சட்டம் சொல்கிறது, இல்லாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். குழுவின் பெயர்களை ஹேண்ட்புக்கிலேயே அச்சடித்துவிடுகிறார்கள். நான் போன ஒரு இடத்தில் அந்தப் பட்டியலில் இருந்த தலைவி வேலையை விட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது, வெளி உறுப்பினருக்குத் தான் உறுப்பினர் என்பதே நினைவில்லை. பெயர்களை நோட்டீஸ் போர்டிலும் இன்ட்ராநெட்டிலும் வையுங்கள், புத்தகத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதும். இன்னொரு கொடுமை, அந்தப் பகுதியின் முதல் வரியே தடித்த எழுத்தில் 'பொய்ப் புகார் கொடுத்தால் கடும் நடவடிக்கை' என்று இருப்பது. நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்று அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது, அதை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள். மகப்பேறு விடுப்பு 2017-லேயே 26 வாரம் ஆகிவிட்டது, இன்னும் 12 வாரம் என்று போட்டிருக்கும் புத்தகங்களைக் கையில் வாங்கியிருக்கிறேன். அதே திருத்தத்தில், வேலைக்குச் சேரும்போதே ஒவ்வொரு பெண்ணுக்கும் இந்தச் சலுகைகளை எழுத்திலும் மின்னஞ்சலிலும் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. அதற்கு அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டரோடு தனியாக ஒரு பக்கம் வைத்துவிடுகிறேன்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தபின் போன் நிற்கவில்லை. எல்லோரும் கேட்டது சம்பளத்தில் 50 சதவீதக் கணக்கைப் பற்றி. படிகளெல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் சம்பளமாகவே எண்ணப்படும், அதனால் கிராஜுவிட்டி கணக்கு மாறும். அது சி.ஏ. பார்த்துக்கொள்வார். ஹேண்ட்புக்கில் உடனே இடித்தது வேறு: 'ராஜினாமா செய்தவருக்கு ஃபைனல் செட்டில்மெண்ட் 45 நாளில் வழங்கப்படும்' என்ற வரி. புதிய சட்டப்படி ராஜினாமாவானாலும் நீக்கமானாலும் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். லேப்டாப் வந்ததா, கேன்டீன் பாக்கி உண்டா, ஸ்டோர்ஸில் என்ஓசி வாங்கினாரா என்று ஆறு டிபார்ட்மெண்டில் கையெழுத்து வாங்கும் பழக்கத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாளில் முடியாது. ஆகவே விதியை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை, நோட்டீஸ் காலத்திலேயே கிளியரன்ஸ் தொடங்க வேண்டும் என்று நடைமுறையை மாற்றச் சொன்னேன். இரண்டு கம்பெனிகள் மாற்றின. மற்றவர்கள் 45-ஐ அடித்து 'சட்டப்படி' என்று எழுதிவிட்டு, பழையபடி 45 நாள் எடுத்துக்கொள்கிறார்கள். நிலையாணைக்கான வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300-ஆக உயர்ந்துவிட்டதால் இனிமேல் நிம்மதி என்று சிலருக்குச் சந்தோஷம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிலையாணை இல்லாத இடத்தில் எல்லாரும் எடுத்துப் பார்க்கப் போவது ஹேண்ட்புக்கைத்தான்.

திருத்தும் வேலையில் நான் பிடிவாதமாக இருப்பது பழைய பதிப்புகள் விஷயத்தில். 2019-ல் நடந்த சம்பவத்துக்கு 2019-ல் இருந்த விதிதான் கேட்கப்படும், சாட்சிக் கூண்டில் ஏறும்போது 2024 ஆகியிருக்கும். புதிய பிடிஎஃப்பைப் பழையதன் மேலேயே ஏற்றிவிட்டு, பழையது யாரிடமும் இல்லை என்று கையை விரித்த கம்பெனிகள் உண்டு, அப்புறம் தொழிலாளியிடம் இருக்கும் ஜெராக்ஸ்தான் ஆவணம். முன்பக்கத்தில் பதிப்பு எண், தேதி, எந்தெந்த விதி மாறியது என்ற சின்ன அட்டவணை போடுகிறேன். கையெழுத்து வாங்கும் தாளிலும் அதே பதிப்பு எண் இருக்க வேண்டும். வேலைக்குச் சேரும் நாளில் பி.எஃப். படிவம், இ.எஸ்.ஐ. படிவம், பேங்க் படிவத்தோடு சேர்த்து 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று வாங்கும் கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று யாருக்கும் தெரியும், அதனால் சேர்ந்த இரண்டாவது வாரத்தில் தமிழிலும் இந்தியிலும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்று கேட்பேன். புரொடக்‌ஷன் மேனேஜர் அந்த ஒரு மணி நேரத்தைத் தர மாட்டார். அவரோடுதான் அடுத்த பேச்சுவார்த்தை.