நாகையில் சூடாமணி விகாரம்: கட்டடம் இல்லாத பள்ளிக்கு ஒரு யாத்திரை

நாகப்பட்டினத்தில் இறங்கி "சூடாமணி விகாரம் எங்கே?" என்று கேட்டால் யாராலும் வழி சொல்ல முடியாது. சோழர் காலத்துப் பௌத்தத் துறவிகளின் மடம் அது; அன்றைய பேச்சில் 'பள்ளி'. 1867-இலேயே கடைசிச் சுவரும் போய்விட்டது. தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் வெளிப்பாளையத்தில் நீதிமன்றப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல. முதலில் காயாரோகணசுவாமி – நீலாயதாட்சி அம்மன் கோயிலுக்குப் போங்கள்.

பௌத்தப் பள்ளிக்கும் சிவன் கோயிலுக்கும் என்ன தொடர்பு? ராஜராஜனின் மகன் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இங்கே இருக்கின்றன. சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் மன்னனுடைய பிரதிநிதி, வெள்ளித் திருமேனியான நாகையழகருக்கு நகைகளும், பூசைக்குச் சீனக்கனகமும் (சீனப் பொன்) கொடுத்ததை அவை சொல்கின்றன. அதே அரச குடும்பம்தான் ஊரின் இன்னொரு பக்கம் புத்தருக்குப் பள்ளி எழுப்பியது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கையில் 1956–57 தொகுதியைப் பார்த்து எண்களைக் குறித்துக்கொண்டு போனால் தேடும் வேலை மிச்சம். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே போய்விட வேண்டும்.

விகாரத்தை ராஜராஜன் கட்டியதாகப் பலர் எழுதுகிறார்கள். தவறு. கட்டத் தொடங்கியவன் கிடாரத்தரையன், அதாவது ஸ்ரீவிஜய மன்னன், சூடாமணிவர்மன். முடித்தவன் அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன். ராஜராஜன் கொடுத்தது ஊர். தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கான நிலக்கொடையாக, விட்டான். ஏறக்குறைய 97 வேலி (பழைய நில அளவு) நிலம். காணிக்கடனாக, அதாவது நிலவரியாக, ஆண்டுக்கு 8,943 கலத்துக்கு (பழைய தானிய அளவு) மேல் நெல். பிக்குகள் பிச்சைப் பாத்திரத்தை மட்டும் நம்பி வாழவில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. அந்த ஆணையைச் செம்பில் வெட்டுவித்தவன் ராஜேந்திரன்: 21 ஏடுகள், ஐந்தில் வடமொழி, பதினாறில் தமிழ். டச்சுக்காரர் வழியாக லெய்டன் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்ற பெயரும் உண்டு. 1090-இல் கிடாரத்துத் தூதர்கள் கேட்டுக்கொண்டபடி முதலாம் குலோத்துங்கன் பள்ளியின் ஊர்களுக்கு வரிச்சலுகை கொடுத்தது தனியே மூன்று ஏடுகளில் இருக்கிறது. ஆனைமங்கலம் இன்றும் கீழ்வேளூர் வட்டாரத்தில் ஊராகவே இருக்கிறது. பார்க்கச் சின்னம் என்று எதுவும் இல்லை, வயல்தான். ஆனாலும் பள்ளிக்குச் சோறு போட்ட மண் அது, ஒரு நடை போய்வரலாம்.

பிறகு வெளிப்பாளையம். விகாரத்தின் எச்சமாகக் கருதப்படுவதும் கடலோடிகள் அடையாளமாக வைத்திருந்ததுமான "சீனக் கோபுரம்", ஊரார் வாயில் புதுவெளிக் கோபுரம், நகருக்கு வடக்கே இந்தப் பக்கத்தில்தான் நின்றது. 1846-இல் பார்த்த பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் எழுதிவைத்திருக்கிறார்: மூன்று நிலை, நான்கு பக்கம், சாந்து பூசாமல் நெருக்கி அடுக்கிய செங்கல், பக்கத்துக்கொரு வாசல் திறப்பு, மேலே திறந்த வானம். உள்சுவரில் மேல்தளம் பதிந்திருந்த தடம்கூடத் தெரிந்ததாம். கத்தோலிக்கத் துறவிகளான சேசு சபையார் தங்கள் கல்லூரிக்காக அதை இடிக்க அனுமதி கேட்டார்கள். 1867 ஆகஸ்டில் சென்னை அரசு சம்மதித்தது. பதினாறே ஆண்டில், 1883-இல், அந்தக் கல்லூரி திருச்சிக்குப் போய்விட்டது! கல்லூரி இருந்த இடம் இப்போது நீதிமன்ற வளாகம். வேலை நாளில் வழக்குக்கு வந்த கூட்டம் நெருக்கும்; உள்ளே படம் எடுக்க முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணுக்குள் இருந்தவை தப்பித்தன. 1856-இல் கோபுரத்தருகே ஒரு பழைய இலுப்பை மரத்தை வெட்டியபோது அடியில் புத்தர் படிமங்கள் வந்தன. அதிலிருந்து 1930-கள் வரை வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலுமாகச் சுமார் 350 செப்புத் திருமேனிகள். பெரும்பாலும் கைக்கு அடங்கும் அளவு, உச்சியில் தீச்சுடர். நியூயார்க் போய்விட்ட ஒன்றின் பீடத்தில், அக்கசாலைப் (பொற்கொல்லர் பட்டறை) பெரும்பள்ளி ஆழ்வார் கோயிலுக்குத் திருவுற்சவம் எழுந்தருளச் செய்தது என்று தமிழில் வெட்டியிருக்கிறது. புத்தர் இங்கே ஆழ்வார், அவருக்கும் வீதியுலா. நம் கோயில்களில் உற்சவமூர்த்தி புறப்பாடு பார்த்துப் பழகியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மற்றவற்றில் கணிசமானவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில். யாத்திரையை அங்கே முடிப்பதாக இருந்தால் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று விடுமுறை. படிமக்கூடத்தில் நடராசர்களைப் பார்த்துவிட்டு வெளியேறிவிடாமல், சிறிய புத்தர்கள் இருக்கும் பேழைகளைக் கேட்டுப் பாருங்கள்.