பச்சை விளக்கு எரிந்தது

போன ஞாயிறு காந்தி வீதிச் சந்தையில் யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் என்ற பழைய ஃபிலிம் கேமரா ஒன்று கிடைத்தது. லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. புதுச்சேரிக் கடல் காற்றில் தோல் உறைக்குள் பூட்டி வைத்த கேமராவுக்கு இதுதான் கதி; தோல் ஈரத்தை விடாது.

"ஓடாதுண்ணா, ஷோகேஸ்ல வச்சுக்கலாம்" என்றார் விற்றவர். எனக்கு மனசு கேட்கவில்லை. ஃபிலிமுக்கு வெளிச்சம் விடும் இதன் ஷட்டர் பேட்டரியை நம்பி ஓடுவது. பேட்டரி இல்லாவிட்டால் எந்த வெளிச்சத்திலும் நொடியில் 500-ல் ஒரு பங்குதான் திறக்கும்; நிழலில் எடுத்தால் படமே விழாது. அந்தக் கால 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. 6 வோல்ட் 4எல்ஆர்44 போட்டு, நீளம் பத்தாத இடத்துக்கு ஒரு ஸ்பிரிங் வைத்தேன். பேட்டரி வேலை செய்கிறதா என்று காட்டும் செக் பட்டனை அழுத்தினேன். பச்சை விளக்கு! சத்தியமாகக் கண் கலங்கிவிட்டது.

பூஞ்சை முன் கண்ணாடியின் உள்பக்கத்தில்தான். துடைத்தாயிற்று, கண்ணாடியை அரிக்கவில்லை. இனி இதற்கு இறுக்கமான டப்பாவும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும்தான்.

நாளை விடிகாலை கடற்கரைச் சாலையில், 1836-ல் எரியத் தொடங்கிய அந்தப் பழைய கலங்கரை விளக்கத்தில் முதல் ரோலை ஆரம்பிக்கிறேன். நம்மூரில் கருப்பு வெள்ளை ஃபிலிம் கழுவித் தருபவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.