பணிசுக்குப் போனவன் பேசிய பக்கம்

வியாழக்கிழமைகளில் பள்ளி விட்ட பிறகு நடக்கும் கிறிஸ்தவ மாணவர் கூட்டத்துக்குப் போனவர்களில் பாதிப்பேர் சைவப் பெடியள். காரணத்தை இனி மறைத்து என்ன? கூட்டம் முடியப் பணிசும் தேத்தண்ணியும் கிடைக்கும். விடுதிப் பிள்ளைகளின் நாலரை மணிப் பசிக்குச் சமயம் கிடையாது.

வேதபாடம் படிப்பித்த சேருக்கு இது தெரியும். தின்ற பணிசுக்கு வேலை வாங்காமல் விடமாட்டார். 1979 இல், உயிர்த்த ஞாயிறு கழிந்து இரண்டாம் தவணை தொடங்கிய கிழமை, ஒரு விவாதம் வைத்தார். இயேசு உயிர்த்தெழுந்தாரா என்பது தலைப்பு. இல்லை என்று பேச வேண்டியவன் போதகரின் மகன். ஆம் என்று பேச வேண்டியவன் நான், நெற்றியில் திருநீறோடு.

“சேர், எனக்கு இதில ஒண்டும் தெரியாது.”

“அதாலதான் நீ. அவனுக்கு எல்லாம் தெரியும் எண்டு நினைப்பு.”

அன்று இரவே தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, அட்டை கழன்ற நாலைந்து ஆங்கிலப் புத்தகங்களைத் தந்தார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: எதிராளி என்ன சொல்வான் என்பதை அவனைவிட நன்றாகச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கவேண்டும்.

முதலாவது, களவு. ஹம்பர்க்கில் ஆசிரியராக இருந்த ரைமாருஸ் என்பவர், சீஷர்களே உடலைக் களவாய் எடுத்துவிட்டார்கள் என்று எழுதி, அச்சிடப் பயந்து வைத்துவிட்டு 1768 இல் இறந்துபோனார். பிறகு லெசிங் என்ற ஜெர்மன் எழுத்தாளர் அதைப் பகுதி பகுதியாக வெளியிட, ஜெர்மனி கொந்தளித்தது. ஆனால் கதை புதிதல்ல. காவலர் நித்திரையாய் இருக்கையில் சீஷர்கள் வந்து எடுத்தார்கள் என்று சொல்லும்படி அவர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாக மத்தேயுவே எழுதிவைத்திருக்கிறார். நித்திரை கொண்டவனையா சாட்சிக்குக் கூப்பிடுகிறாய் என்று பழைய திருச்சபைப் பிதாவான அகுஸ்தீன் அந்தக் காலத்திலேயே கிண்டல் பண்ணியிருக்கிறார். நானும் அதையே சொல்லிக் கைதட்டு வாங்கினேன். பொய் என்று தெரிந்த ஒன்றுக்காக யார் சாவான் என்றும் கேட்டேன். போதகரின் மகன் அசையவில்லை. “சீஷர்கள் எடுக்கவில்லை எண்டே வைப்பம். வேற ஆரும் எடுத்திருந்தால்? மரியாளே தோட்டக்காரனிட்டை அப்பிடித்தானே கேட்டவ?” என்றான். யோவான் 20 இல் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது. அதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

இரண்டாவது, மயக்கம். ஹைடல்பர்க்கில் படிப்பித்த பவுலுஸ் (பெயர்தான் அப்படி, அப்போஸ்தலன் அல்ல) 1828 இல் எழுதியது: இயேசு சிலுவையில் சாகவில்லை, மயங்கினார், கல்லறையின் குளிரிலும் வாசனைத் திரவியங்களிலும் தெளிந்து எழும்பினார். போதகரின் மகன் முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸைக் கொண்டுவந்தான். யோசேபஸ் தனக்குத் தெரிந்த மூன்று பேர் சிலுவையில் தொங்குவதைக் கண்டு ரோமத் தளபதி தீத்துவிடம் அழுது கேட்க, அவர்களை இறக்கி வைத்தியம் பார்த்தார்கள். ஒருவன் பிழைத்தான். ஆகவே பிழைக்கலாம் என்றான். நான் மிச்ச இரண்டு பேரையும் கேட்டேன். தளபதியின் கட்டளையோடும் கவனமான வைத்தியத்தோடும் அவர்களே செத்துப்போனார்கள். கல்லறைக்குள் யார் மருந்து கட்டியது?

பிறகு என் பெரிய வெடியைப் போட்டேன். அரை உயிரோடு ஊர்ந்து வந்து, காயத்துக்குக் கட்டுப்போடச் சொல்லிக் கேட்கும் ஒருவரைப் பார்த்தால் சீஷர்களுக்கு இரக்கம் வருமே தவிர, இவர் மரணத்தை வென்றவர் என்ற எண்ணம் எப்படி வரும்? மண்டபம் அதிர்ந்தது. சேர் எழும்பினார். “இப்ப இவன் சொன்னது ஆற்ற பதில் தெரியுமோ? டேவிட் ஸ்ட்ராவுஸ். 1864. அந்தாள் உயிர்த்தெழுதலை நம்பாத ஆள்.”

ஆளே ஒருமாதிரி ஆகிவிட்டேன். ஜெர்மன் இறையியலாளரான அந்த ஸ்ட்ராவுசுக்கு 1839 இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் பதவி கிடைத்து, சனங்கள் எதிர்த்ததால் ஒரு நாளும் படிப்பிக்காமலே ஓய்வூதியம் கொடுத்து அனுப்பினார்களாம். கலவரத்தில் அந்த அரசாங்கமும் விழுந்தது. இன்றுவரை கிறிஸ்தவர்கள் மயக்கக் கதைக்குச் சொல்லும் மிகச் சிறந்த பதில் அவருடையதுதான்.

பெண்கள் தவறான கல்லறைக்குப் போனார்கள் என்று 1907 இல் கிர்சோப் லேக் என்ற ஆங்கிலேய வேதாகம அறிஞர் எழுதியதை இரண்டே நிமிடத்தில் முடித்தோம். அடக்கம் பண்ணிய இடத்தை அந்தப் பெண்கள் பார்த்திருந்தார்கள் என்று மாற்கு சொல்கிறார். அதோடு, சரியான கல்லறையைத் திறந்து காட்ட எருசலேமில் ஆளில்லாமலா போனது?

கடைசியாக, தரிசனம். துக்கத்தில் இருந்தவர்கள் கண்டது மனத்தோற்றம் என்ற ஸ்ட்ராவுசின் சொந்தக் கருத்து. இதுதான் உண்மையில் கஷ்டமானது. ஐந்நூறு பேருக்கு மேல் கண்டதாகப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைச் சொன்னேன். அது பவுல் ஒருவரின் வார்த்தைதானே, அந்தப் பட்டியலில் பெண்களும் இல்லை, வெறுங்கல்லறையும் இல்லை என்றான் அவன். சரியாகத்தான் சொன்னான். அப்போதுதான் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று எனக்கு வாயில் வந்தது.

அதற்கு முதல் வருடம் எங்கள் அப்பப்பா செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் விடிய, அவர் சாய்மனைக் கதிரையில் இருந்து சுருட்டுப் பத்துவதைக் கண்டதாக அப்பாச்சி சொன்னா. யாரும் அவவைப் பொய் சொல்கிறா என்று சொல்லவில்லை. ஆனால் அப்பாச்சி ஓடிப்போய் அப்பப்பா உயிரோடு வந்துவிட்டார் என்று ஊருக்குச் சொல்லவுமில்லை. சுருட்டும் வெற்றிலையும் வைத்துப் படைத்தா. செத்தவரைக் கண்டதால் அவர் செத்தவர் என்பதுதான் அவவுக்கு இன்னும் உறுதியாயிற்று. எங்கள் சனத்துக்கும் அந்த யூதருக்கும் இறந்தவர் தோன்றுவது புதிதில்லை. அப்படியிருக்க இவர்கள் மட்டும் ஏன் “எழுந்தார்” என்ற சொல்லைப் பிடித்தார்கள்? கல்லறையில் உடல் இருந்திருந்தால் அந்தச் சொல் வந்திருக்குமா?

ஒருவரும் கைதட்டவில்லை. போதகரின் மகன் குறிப்பெழுதிக்கொண்டிருந்தான்.

சேர் வெற்றி தோல்வி சொல்லவில்லை. அடுத்த வியாழன் பக்கம் மாறிப் பேசவேண்டும் என்றார். அடுத்த வியாழன் அவருக்குக் கொப்பளிப்பான். அப்புறம் சோதினை. விவாதம் அப்படியே நின்றுவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் அதை விடவில்லை. போதகரின் மகன் டொக்டரானான். 1986 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில், இயேசு சிலுவையில் சாகவில்லை என்பது இன்றைய மருத்துவ அறிவுக்கு ஒவ்வாது என்று ஒரு கட்டுரை வந்தபோது, அதைப் படியெடுத்து லண்டனில் இருந்த எனக்கு அனுப்பினான். மேலே “உன் கட்சிக்கு” என்று எழுதியிருந்தது. சுவிசேஷங்கள் சொல்வது அப்படியே நடந்தது என்று வைத்துக்கொண்டுதானே வைத்தியர்கள் கணக்குப் பார்க்கிறார்கள் என்று பதில் போட்டேன்.

அந்த அட்டை கழன்ற புத்தகங்களில் ஒன்றில் நாசரேத்துக் கல்வெட்டைப் பற்றி இருந்தது. கல்லறையைக் குலைப்பவனுக்கு மரண தண்டனை என்று கிரேக்கத்தில் வெட்டிய சலவைக்கல். வெறுங்கல்லறைச் செய்தி ரோமுக்கு எட்டியதால் வந்த கட்டளை என்று சிலர் வாதிட்டார்கள். நான் அதை விவாதத்தில் எடுக்கவில்லை, நேரம் போதவில்லை. 2020 இல் அந்தக் கல்லைச் சோதித்து, அது கிரேக்கத்தின் கோஸ் தீவுக் கல் என்று கண்டுபிடித்தார்கள். நாசரேத்தோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லாமல் இருக்கலாம். செய்தியைப் படித்த உடனே போதகரின் மகனுக்கு அனுப்பினேன், “உன் கட்சிக்கு” என்று எழுதி.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. “எந்தக் கட்சி? அடுத்த வியாழன் நான்தானே ஆம் எண்டு பேசவேணும்.”