சித்தப்பாவின் பழைய ஹார்ட் டிஸ்க்

திருச்சியில் சித்தப்பா வைத்திருந்த டிடிபி கடையை 2004-ல் மூடினார். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் மலர் என்று ஓடிய கடை. அந்தக் கம்ப்யூட்டர் அப்படியே பரணுக்குப் போய்விட்டது. பாட்டி பாடிய தாலாட்டுகளை 1998-ல் அவர் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அதில் அடித்து வைத்திருந்தார். எழுதிவைத்த நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. பாட்டியும் இல்லை. மிச்சம் அந்த 2.1 ஜிபி டிஸ்க் மட்டும்தான்.

"பிளக்கைச் சொருகிப் பாரேன்டா, ஓடும்" என்றார் சித்தப்பா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. இருபது வருஷம் சும்மா கிடந்த பவர் சப்ளையில் கெப்பாசிட்டர்கள் என்ன நிலையில் இருக்குமோ. அது வெடித்தால் டிஸ்க்கும் சேர்ந்து போகும். டிஸ்க்கை மட்டும் கழற்றி, ஜம்பர் என்ற குட்டி இணைப்பானை 'மாஸ்டர்' இடத்தில் வைத்து, பழைய ஐடிஇ வகை டிஸ்க்கை யுஎஸ்பியில் இணைக்கும் அடாப்டரில் மாட்டினேன். இந்த வகை டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனியாக வேண்டும்; யுஎஸ்பி கேபிளில் வருவது 5 வோல்ட்தான்.

கரண்ட் கொடுத்தால் 'ம்ம்' என்று ஒரு முனகல், அவ்வளவுதான். தட்டு சுற்றவில்லை. ரீடிங் ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. ஃப்ரிட்ஜில் வைத்து எடு என்று நண்பன் யோசனை சொன்னான். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் வெளியே எடுத்ததும் உள்ளே வேர்த்துவிடும், வேண்டாம் என்றேன். டிஸ்க்கைக் கையில் தட்டையாகப் பிடித்து, ஜாடி மூடியைத் திருகுவதுபோல வெடுக்கென்று ஒரு திருப்பு. மூன்றாவது திருப்புக்கு அப்புறம் கரண்ட் கொடுத்ததும் உய்ய்ய் என்று சத்தம் ஏறியது. சித்தப்பா கைதட்டினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் மறுபடி நின்றால் கிளம்புமா என்று சொல்ல முடியாது.

அதனால் ஃபைல்களைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற மீட்பு புரோகிராமைப் போட்டு முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக, அதாவது இமேஜாக, நகலெடுத்தேன். அது முதலில் நல்ல இடங்களை வாரிக்கொள்ளும், அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் வரும். எதுவரை படித்தது என்பதை மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பெரும்பகுதி அரைமணி நேரத்தில் வந்துவிட்டது. மிச்சத்துக்கு ராத்திரி முழுக்க டிக், டிக். டேபிள் ஃபேனை டிஸ்க் பக்கம் திருப்பிவிட்டு நான் வேர்வையில் உட்கார்ந்திருந்தேன். விடிந்தபோது பதினோரு செக்டார்கள் (டிஸ்க்கின் 512 பைட் துண்டுகள்) மட்டும் வரவில்லை.

டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அப்புறம் இமேஜோடுதான் வேலை. ஃபைல்கள் இருக்கும் பகுதியான பார்ட்டிஷன் 63-ம் செக்டாரில் ஆரம்பம்; 512-ஆல் பெருக்கி, 32256-ம் பைட்டிலிருந்து படி என்று ஆஃப்செட் கொடுத்ததும் விண்டோஸ் 95-ன் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. 'பாட்டி' என்ற ஃபோல்டரில், பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் ஃபைல்கள் எட்டு. விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலிக் கம்ப்யூட்டர்) விண்டோஸ் 98 ஏற்றி, சித்தப்பா பத்திரமாக வைத்திருந்த பேஜ்மேக்கர் 6.5 சிடியைப் போட்டால் ஏழு திறந்தன.

எட்டாவது திறக்கவில்லை. ஃபைலை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தேன். ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடந்தன. எட்டிப் பார்த்த சித்தப்பா, "ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி... இது 'தமிழ்'னு இருக்குடா" என்றார். பாமினி ஃபான்ட்! ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துரு. த-வுக்கு ஜே, ம-வுக்கு கே, இகரக் குறிக்கு பி, ழ-வுக்கு ஓ, புள்ளிக்கு அரைப்புள்ளி. விரலுக்கு மறக்கவே இல்லை.

இதை இன்றைய பொது எழுத்து முறையான யுனிகோடுக்கு மாற்ற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். இதில்தான் இரண்டு நாள் போனது. பாமினியில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், யுனிகோடில் பின்னால் வர வேண்டும். 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று விசை. அதை மொத்தமாகப் பிடிக்காமல் தனித்தனியாக மாற்றினால் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் தொங்கும். நீளமான கோவைகளை முதலில் மாற்றி, தனி எழுத்துகளைக் கடைசிக்குத் தள்ளியதும் சரியானது.

வராமல் போன செக்டார்களில் ஒன்று எட்டாவது ஃபைலில் இருந்தது; அந்த இடம் முழுக்கப் பூஜ்யம். 512 பைட், அதாவது 512 விசை, பாட்டில் கிட்டத்தட்ட பத்து வரி. அத்தைக்குப் போன் போட்டோம். யோசித்து யோசித்து ஆறு வரி பாடினார். அதில் இரண்டு வரி, பாட்டி அப்படிப் பாடவே இல்லை என்கிறார் சித்தப்பா. இப்போதைக்கு அந்த இரண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.