ஆறு மணி

மார்ச் 9
சிறையில் இருக்கும் அண்ணனை முன்கூட்டியே விடலாமா என்று விசாரிக்க நன்னடத்தை அலுவலர் வந்து போனார். ஓட்டு வீடா, நிலம் எவ்வளவு, வந்தால் என்ன வேலை செய்வார், யார் பொறுப்பு. நான்தான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டேன். பக்கத்து வீடுகளிலும் விசாரித்தார். சித்தி வீட்டுக்குள் இருபது நிமிஷம் இருந்தார். அண்ணனின் மனநல மாத்திரை பற்றி ஒரு கேள்வியும் இல்லை. நானாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொள்கிறாரா என்று பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10
சித்தி என்ன சொல்லியிருப்பாள்?

ஏப்ரல் 2
அண்ணனைப் பார்க்கச் சிறைக்கு மனு போட்டுப் போனேன். கை நடுக்கம் குறைந்திருக்கிறது. முகம் உப்பியிருக்கிறது. முன்விடுதலைக்கு உன் பேர் போயிருக்காம் என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "பாப்பா, நான் இங்கயே இருந்துக்கறேனே. இங்க எல்லாம் பழகிப்போச்சு" என்றார்.

பஸ்ஸில் வீடு வரை அழுதுகொண்டே வந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

மே 17
மசாங் லாலுங். அசாமில் மோரிகாவ் மாவட்டத்துக்காரர். 1951இல் பிடித்துக்கொண்டு போனார்கள். தேஜ்பூர் மனநல மருத்துவமனை, அப்புறம் சிறை. விசாரணையே நடக்கவில்லை. 2005இல், 54 வருஷம் கழித்து, ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில் விட்டார்கள். 1967லேயே உடம்பு தேவலை என்று டாக்டர் எழுதிவிட்டாராம். அந்தக் காகிதத்தை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. வெளியே வந்தபிறகு இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தார், அவ்வளவுதான்.

அண்ணன் வழக்கு வேறு, தெரியும். விசாரணை நடந்தது, தண்டனை வந்தது, அது நியாயமா இல்லையா என்று நான் பேசப்போவதில்லை, சித்திக்கு முன்னால் எனக்கு அந்த வாய் கிடையாது. ஆனால் அந்தக் காகிதத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 38 வருஷம் ஒரு மனிதர் ஒரு காகிதத்துக்குள் இருந்திருக்கிறார்.

ஜூன் 6
அம்மா பின்கட்டு அறையை ஒழித்து வெள்ளையடித்தாள். கதவில் வெளித்தாழ்ப்பாள் இருக்கிறது. கழற்றிவிடும்மா என்றேன். "இருக்கட்டும்டி" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா காரியத்துக்குப் பரோலில் வந்தபோது சாயங்காலம் ஆறு மணி ஆனதும் அண்ணன் அந்த அறைக்குள் தானே போய் உட்கார்ந்துகொண்டார். லாக்கப் நேரம். பூட்ட ஆள் வராததால் தூங்கவில்லை. ஒன்றுக்குப் போக அம்மாவிடம் அனுமதி கேட்டார். வெளியே போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்போதும் மாத்திரை கொடுத்தனுப்பவில்லை.

ஜூலை 3
ஆணை வந்துவிட்டது.

ஜூலை 4
தூக்கம் இல்லை. போனில் தேடிக்கொண்டே இருந்தேன், தேடியிருக்கக் கூடாது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியே வந்த 30,237 பேரைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 2007இல் வெளிவந்த ஆய்வு. முதல் இரண்டு வாரத்தில் சாவு மற்ற ஜனங்களைவிட 12.7 மடங்கு. அங்கே போதை மருந்துதான் பெரிய காரணம், அண்ணனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. இருந்தாலும் இரண்டு வாரம் என்ற சொல் போகமாட்டேன் என்கிறது. 14 நாள். காலை ஒன்று, இரவு ஒன்று, 28 மாத்திரை. நடுக்கத்துக்குத் தனியாக 14.

ஜூலை 8
சட்ட உதவி மையத்து வக்கீல் அக்காவைப் பார்த்தேன். 2017 மனநலச் சட்டத்தில் 25ஆவது பிரிவு, தன் மருத்துவக் குறிப்பைக் கேட்டு வாங்க நோயாளிக்கு உரிமை இருக்கிறது என்றார். அவரே மனு தட்டச்சு செய்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. அண்ணன் கையெழுத்துதான் வேண்டும்.

"ஜெயில் வைத்தியத்துக்கும் வெளி வைத்தியத்துக்கும் நடுவுல ஆளே இல்லம்மா. குடும்பம்தான் ஓடணும்" என்றார். குடும்பம் இல்லாதவர்கள்?

ஜூலை 11
கையெழுத்து வாங்கியாயிற்று. பேருக்குக் கீழே கைதி எண்ணையும் எழுதியிருக்கிறார். யாரும் கேட்கவில்லை.

ஜூலை 15
வந்துவிட்டார்.

பத்து மணி என்றார்கள், ஒன்றே முக்காலுக்குக் கேட் திறந்தது. குறிப்பு தயாராகவில்லை, தபாலில் வரும் என்று சொல்லிவிட்டார்கள். நான் கத்தினேன். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு "வேணாம் பாப்பா, அப்புறம் உள்ள போடுவாங்க" என்றார். மருந்தாளுநர் ஒருவர்தான் ஓடி வந்து ஒரு பழுப்புக் கவரைத் திணித்தார். ரிஸ்பெரிடோன் 2 மி.கி., காலை 1 இரவு 1. நடுக்கத்துக்கு ட்ரைஹெக்சிபெனிடில் 2 மி.கி., காலை 1. கவர் மேல் தன் கையாலேயே எழுதியிருந்தார். ஏழு நாளுக்கு. அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

ஊருக்குள் இருட்டிய பிறகு, வயல் வழியாக வந்தோம்.

ஜூலை 16
ஆறு மணிக்கு அறைக்குள் போய்விட்டார். நான் போய்க் கதவைச் சும்மா சாத்தினேன். தூங்கினார்.

செய்தது சரியா?

ஜூலை 18
தாலுகா ஆஸ்பத்திரி. மனநல டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும். கவரைக் காட்டினேன். "இது சீட்டு இல்லையேம்மா. எந்த டாக்டர் எழுதினது?" வரிசையில் பின்னால் நின்றவன் கீழ்ப்பாக்கம் என்று சொல்லிச் சிரித்தான். கீழ்ப்பாக்கத்தில் அண்ணன் இரண்டு மாதம் இருந்திருக்கிறார். அங்கேதான் முதன்முதலாகக் குரல்கள் நின்றன. திரும்பி அதைச் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை.

கணக்கு: மாத்திரை ஞாயிறு இரவோடு முடிகிறது. டாக்டர் செவ்வாய்.

ஜூலை 19
மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் பேசினாள், பொறுமையாக, தமிழில். பாதியாக உடைத்து நாளைக் கூட்டக் கூடாது, நிறுத்தவும் கூடாது, திங்கள் காலை மாவட்டத் தலைநகர் மருத்துவக் கல்லூரிக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். நீங்கள் தூங்குகிறீர்களா என்றும் கேட்டாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. ஐந்து வருஷமாக என்னை யாரும் அதைக் கேட்டதில்லை.

ஜூலை 20
அம்மா தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டாள். ஆணித்துளைகள் மட்டும் இருக்கின்றன.

ஜூலை 21
இன்று பகலில் கிணற்றடி வரை நடந்தார். சித்தி அந்தப் பக்கம் குடத்தோடு நின்றிருந்தாள். அண்ணன் சட்டென்று எழுந்து நிற்கிற மாதிரி விறைத்துக் கை கட்டி நின்றார், வார்டரைப் பார்த்தால் நிற்பதுபோல. சித்தி ரொம்ப நேரம் பார்த்தாள். குடத்தை நிரப்பாமலே போய்விட்டாள். அண்ணன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரவு மாத்திரை கொடுத்தபோதுதான், "சித்தி இளைச்சுப்போச்சு" என்றார்.

கவர் காலி. கவரை மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன், சீட்டு இல்லை என்றாலும்.

முதல் பஸ் 5.40. வயல் வழியாகச் சுற்றினால் பிடிக்க முடியாது, சித்தி வீட்டுத் திண்ணையை ஒட்டித்தான் போக வேண்டும். அம்மாவும் வருகிறாள். அண்ணனுக்கு நல்ல செருப்பு இல்லை, இன்றைக்குத்தான் கவனித்தேன்