பத்துக்குப் பன்னிரண்டு அடி

ஒரு நாடகக் குழு எப்படிப் பிறந்தது என்று யாராவது சொல்ல ஆரம்பித்தால், மேடை வேலை பார்ப்பவர்கள் முதலில் கேட்பது "மேடை எத்தனை அடி?" என்றுதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேப் காட் முனையில் இருக்கிற மீனவ ஊர் பிராவின்ஸ்டவுன். அங்கே கோடைக்கு வந்து தங்கிய எழுத்தாளர்கள் தொடங்கிய பிராவின்ஸ்டவுன் பிளேயர்ஸ் குழுவின் மேடை 10 அடிக்கு 12 அடி. அவர்களைப் பற்றிய மற்ற பல விஷயங்கள் இந்த அளவிலிருந்தே விளங்கிவிடும்.

1915 ஜூலையில் ஒரு வாடகை வீட்டில் ஆரம்பித்தது. சூசன் கிளாஸ்பெல்லும் அவர் கணவர் ஜார்ஜ் கிராம் குக்கும் எழுதிய ஓரங்க நாடகத்தை நியூயார்க் குழு ஒன்று ஏற்கவில்லை. நாமே போடலாம் என்று முடிவு செய்தார்கள். கூடவே நீத் பாய்ஸ் எழுதிய ஒரு நாடகம். செட் பொறுப்பு ராபர்ட் எட்மண்ட் ஜோன்ஸ். பாய்ஸ் நாடகத்தை முதலில் வராந்தாவில் வைத்தார். பின்னால் கடல், படுதா செலவில்லை. பார்ப்பவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அது முடிந்ததும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த நாடகம் கூடத்தின் மறுபக்கத்தில். செட் மாற்றும் நேரம் அடியோடு மிச்சம். இதைவிடச் சிக்கனமான காட்சி மாற்றத்தை யோசிப்பது கடினம்.

வீடு போதவில்லை. எழுத்தாளர் மேரி ஹீட்டன் வோர்ஸுக்குச் சொந்தமான படகுத்துறையில் பழைய மீன் கிடங்கு ஒன்று இருந்தது. சுமார் 25 அடி அகலம், 35 அடி நீளம். அதற்குள் போட்ட மேடையை நான்கு துண்டுகளாகச் செய்தார்கள். பின்சுவரில் அகலமான கதவுகள். தேவைப்பட்டால் மேடைத் துண்டுகளை அவற்றின் வழியே துறையின் முனைவரை தள்ளிவிடலாம், காட்சிக்கு ஆழம் கிடைக்கும். துண்டு மேடையில் ஒரு தொல்லை உண்டு. இணைப்பில் அரை அங்குலம் ஏற்ற இறக்கம் இருந்தாலும் நடிகரின் கால் அங்கேதான் தட்டும், அதுவும் சரியாக முக்கியமான வசனத்தில்.

முதல் கோடையில் மின்விளக்கு இல்லை. மேடைக்கு முன்னால் தகரப் பிரதிபலிப்பான் வைத்த லாந்தர்கள், இரு பக்கமும் கையில் விளக்கேந்தி நான்கு பேர். அவர்களுக்குப் பக்கத்தில் மணலும் மண்வாரியுமாக இன்னும் நான்கு பேர் நின்றதாக வோர்ஸ் எழுதியிருக்கிறார். மணல் என்பதைக் கவனிக்க வேண்டும். எரிகிற எண்ணெய்மேல் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் மிதந்து தீயைப் பரப்பும். மணல் மூடி அணைக்கும். மீன் வலையும் மரமுமாகக் கிடந்த இடத்தில் இது அலங்கார ஏற்பாடு இல்லை. அடுத்த கோடையில் நாடகம் தொடங்குமுன் ஒரு தீயில் அந்தச் சுவர்கள் கருகியும் போயின. கையில் பிடிக்கிற விளக்கின் இன்னொரு குறை, பத்து நிமிடத்தில் கை தளர்ந்துவிடும். விளக்கு இறங்க இறங்க, நடிகரின் நிழல் பின்சுவரில் ஏறும். இருபது முப்பது நிமிட நாடகங்களாக எழுதியதற்கு இலக்கியக் காரணம் ஆயிரம் சொல்லலாம். விளக்குப் பிடிப்பவர்களைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள்.

1916 கோடைக்குச் சந்தா பிரித்தார்கள்: தலைக்கு இரண்டரை டாலர், 87 பேர், மொத்தம் 217 டாலர் 50 சென்ட். பணம் முன்கூட்டியே வந்துவிட்டால் அடுத்த நாடகத்தைத் தள்ளிப்போட முடியாது. கையில் நாடகம் இல்லாமல் தேதி குறித்த பிறகுதான் பலர் எழுதவே உட்காருகிறார்கள். அந்தச் சமயத்தில் இளம் நாடகாசிரியர் யூஜின் ஓநீல் வந்து சேர்ந்தது இவர்களுக்கு அதிர்ஷ்டம்.

ஜூலை 28 அன்று அவருடைய 'பவுண்ட் ஈஸ்ட் ஃபார் கார்டிஃப்' அரங்கேறியது. பாத்திரங்கள் பதினொன்று. பத்துக்குப் பன்னிரண்டில் இத்தனை பேரை எங்கே நிறுத்துவது? கதை கப்பல் மாலுமிகளின் படுக்கை அறையில் நடக்கிறது என்பதால் வழி பிறந்தது. அடுக்குப் படுக்கைகள் ஆட்களை மேலே கொண்டுபோய்விடும், தரை மிச்சமாகும். நாயகன் சாகக் கிடப்பவன், நாடகம் முழுக்கப் படுக்கையில்தான். அன்றைக்கு மூடுபனி தானாகவே வந்தது; பலகை ஓட்டைகள் வழியே அலை தெறித்தது.

ஆகஸ்டில் கிளாஸ்பெல்லின் 'டிரைஃபிள்ஸ்'. காலி மேடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்து எழுதத் தொடங்கினார் என்பது அவரே சொன்னது. ஐந்து கதாபாத்திரங்கள், கொலை நடந்த ஒரு வீட்டின் சமையலறை. அடுப்பும் மேசையும் வைத்துவிட்டால் அந்த மேடையில் ஐந்து பேர் நகர இடமிராது. ஆண்கள் மூவரும் மாடிக்கும் கொட்டகைக்கும் தடயம் தேடிப் போய்விடுகிறார்கள். இரண்டு பெண்களிடம் மேடை வந்துவிடுகிறது. கொலைப் பழி சுமந்தவள் மேடைக்கே வருவதில்லை. கதைக்காகச் செய்ததா, இடத்துக்காகச் செய்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் பொருந்தியிருக்கின்றன.

செப்டம்பரில் விதிமுறை எழுதி, குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். குக் 320 டாலருடன் நியூயார்க் போனார். மக்டூகல் தெரு 139ஆம் எண் வீட்டில் நவம்பரில் அதே மாலுமி நாடகத்தை மறுபடி போட்டார்கள். அங்கே காலுக்கடியில் கடல் கிடையாது. நிமிடத்துக்கு ஒருமுறை கப்பலின் ஊதல் கேட்க வேண்டும் என்கிறது பிரதி. இனி அதற்கென ஓர் ஆள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, மேடைக்குப் பக்கத்தில் நின்றாக வேண்டும்.